ஜிம்னியின் டிக்கியில் டிராயர் கட்டுவதற்கு முன்

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். மாருதி சுசுகியின் ஐந்து கதவு ஜிம்னி வாங்கி எட்டு மாதம் ஆகிறது. அஞ்செட்டிப் பக்கம் மாந்தோப்பு இருக்கிறது, வாரத்துக்கு இரண்டு தடவை போய்வர வேண்டும், கடைசி மூன்று கிலோமீட்டர் கல்லும் ஓடையுமான பாதை. லீவு வந்தால் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வத்தல்மலை, சித்தேரி, ஒகேனக்கல் என்று ஒரு சுற்று. டிக்கியில் போடும் சாமான் எல்லாம் உருண்டு புரள்கிறது. ஒரு கடையில் இரும்புச் சட்டத்தில் இரண்டு டிராயர் வைத்துக் கட்டித் தருகிறோம், மொத்தம் 62 கிலோ வரும் என்கிறார்கள். அதைக் கட்டலாமா, இல்லை மேலே கேரியர் போடலாமா, இல்லை பின் சீட்டையே கழற்றிவிட்டு முழுசாகப் பெட்டி அடிக்கலாமா, பின்கதவில் கூடாரப் பை மாட்டலாமா என்பது அவர் கேள்வி.

தம்பி, உங்கள் தேவைக்கு டிராயர் வேண்டாம். தாழ்வான ஒரு பலகை மேடை, அதன் கீழே இரண்டு பிளாஸ்டிக் கிரேட், சாமானை இழுத்து இறுக்கிக் கட்டும் நல்ல ராட்செட் பெல்ட் நான்கு. இது போதும். இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் பாலக்கோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஜிப்சி, தார், இப்போது ஜிம்னி என்று இந்த மாதிரி வண்டிகளுக்குப் பெட்டியும் சட்டமும் கட்டிக் கொடுத்திருக்கிறேன். கட்டிக் கொடுத்ததை ஆறு மாதம் கழித்து அவர்களே கொண்டுவந்து கழற்றச் சொன்னதும் உண்டு. கழற்றச் சொன்னவர்கள் எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: வண்டி முன்னைப் போல இல்லை.

டிக்கி என்றதும் எல்லோரும் இடத்தைப் பார்க்கிறார்கள். ஜிம்னியில் பின் சீட் நிமிர்ந்திருக்கும்போது 208 லிட்டர், மடித்தால் 332 லிட்டர். இந்த எண்ணைப் பார்த்ததும் இடம் போதவில்லை, அடுக்கு கட்டினால் மிச்சமாகும் என்று மனசு போகிறது. ஆனால் இந்த வண்டியில் முதலில் தீர்ந்து போவது இடம் இல்லை, எடை. வண்டியின் கெர்ப் எடை, அதாவது எண்ணெய் பெட்ரோலோடு ஆள் இல்லாமல் நிற்கும் எடை, மாடலைப் பொறுத்து 1195 முதல் 1210 கிலோ. கம்பெனி அனுமதிக்கும் மொத்த எடை 1545 கிலோ. நடுவில் இருப்பது 335-லிருந்து 350 கிலோதான். ஆட்கள், சாமான், பெட்டி, கேரியர், தண்ணீர், நீங்கள் மாட்டும் கூடுதல் பம்பர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

உங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் 78 கிலோ, வீட்டம்மா 60, பெரிய பிள்ளை 40, சின்னது 25 என்று வைத்துக்கொண்டால் 203. கனமான மாடல் என்று எடுத்து 335-இல் கழித்தால் 132 கிலோ மிச்சம். டிராயர் 62 போனால் 70. பரவாயில்லை என்று தோன்றும். அடுத்த வாரம் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு அப்பா அம்மாவைத் தீர்த்தமலைக்கு அழைத்துப் போகிறீர்கள். அப்பா 65, அம்மா 55 என்றால் நான்கு பேருக்கும் சேர்த்து 258. மிச்சம் 77. அதில் 62 கிலோ டிராயருக்கே போய்விட்டால் உங்களுக்கு இருப்பது 15 கிலோ. ஒரு 20 லிட்டர் தண்ணீர் கேன் கூட அந்தக் கணக்கில் ஏறாது. இத்தனைக்கும் டிராயருக்குள் இன்னும் ஒரு ஸ்பேனர் கூடப் போடவில்லை.

இரும்புப் பெட்டி மட்டும்தான் கனம், பிளைவுட்டில் அடித்தால் லேசாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். எட்டுக்கு நான்கு அடி பிளைவுட், 18 மி.மீ. கனத்தில், ஒரு தாள் சுமார் 35 கிலோ வரும். அதே அளவு 12 மி.மீ. என்றால் 23 கிலோ பக்கம். இரண்டு டிராயர் பெட்டிக்கு மேல்பலகை, அடிப்பலகை, பக்கம், நடுத்தடுப்பு, டிராயரின் நான்கு பக்கம், அதன் அடி எல்லாம் சேர்த்து ஒன்றரைத் தாள் போய்விடும். 18 மி.மீ. என்றால் 50 கிலோ, அதன் மேல் சேனல், கீல், பூட்டு. ஆக மரத்தில் அடித்தாலும் கிட்டத்தட்ட அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கும். எடை கூடுவதற்குக் காரணம் மரமா இரும்பா என்பதை விட, டிராயர் என்றாலே பெட்டிக்குள் பெட்டி என்பதுதான். ஒவ்வொரு சுவரும் இரண்டு சுவர்.

எடை எவ்வளவு என்பதோடு, எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். ஜிம்னியின் டிக்கி முழுவதும் பின் அச்சுக்குப் பின்னால்தான் வருகிறது. ஸ்டெப்னியும் ஏற்கெனவே அங்கேதான் தொங்குகிறது. சக்கரங்களுக்கு நடுவே 2590 மி.மீ. தூரம். பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் 50 கிலோ வைத்தால், பின் சக்கரங்களில் கிட்டத்தட்ட 60 கிலோ ஏறும், முன் சக்கரங்களிலிருந்து 10 கிலோ குறையும். ஏற்றப் பலகையின் ஒரு முனையில் ஆள் உட்கார்ந்தால் மறுமுனை எழும்புகிற அதே கணக்கு. தேசிய நெடுஞ்சாலையில் இது தெரியாது. உங்கள் தோப்புக்கு ஏறும் கல் மேட்டில், ஸ்டியரிங்கை ஒடித்தால் முன்சக்கரம் சரளையில் வழுக்கிக்கொண்டு நேராகப் போகப் பார்க்குமே, அங்கே தெரியும். இறக்கத்தில் பின்பக்கம் தளர்ந்து உட்கார்ந்த வண்டியின் பின் அடிப்பகுதி ஓடைக் கரையில் இடிக்கும். கல் பாதையில் இடிக்காது என்று சொல்லி வாங்கினோமே, அந்தப் பலனைச் சாமானுக்குக் கொடுத்துவிட்டால் என்ன பிரயோசனம்? ராத்திரியில் முகப்பு வெளிச்சமும் மேலே தூக்கிக்கொள்ளும், எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

அதனால் எதையும் கட்டுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். நம் மாவட்டங்களில் எடை மேடைக்குப் பஞ்சமே இல்லை. பர்கூர் பக்கம் கிரானைட், கிருஷ்ணகிரியைச் சுற்றி மாங்கூழ் ஆலைகள், எங்கள் பக்கம் தக்காளி, புளி என்று லாரி போகிற இடமெல்லாம் ஒன்று இருக்கிறது. லீவுக்குக் கிளம்புகிற அன்றைக்கு எப்படிக் கிளம்புவீர்களோ, அப்படியே குடும்பத்தோடு, சாமானோடு போய் வண்டியை ஏற்றி ஒரு சீட்டு வாங்குங்கள். அப்புறம் முன்சக்கரம் மட்டும் மேடையில் நிற்கும்படி ஒரு எடை, பின்சக்கரம் மட்டும் நிற்கும்படி ஒரு எடை. லாரிக்கான மேடை என்பதால் 5 கிலோ, 10 கிலோ படியில்தான் காட்டும், நமக்கு அது போதும். அந்தச் சீட்டு கையில் இருந்தால் எந்தக் கடைக்காரர் சொல்வதையும் நீங்களே எடை போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நான் இப்போதெல்லாம் சீட்டு இல்லாமல் வருகிறவர்களுக்கு வேலையே ஆரம்பிப்பதில்லை.

சரி, சாமான் உருளாமல் இருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னது நியாயமான கவலை. சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்பதை விட, அது உயிர் சம்பந்தப்பட்டது. என்னிடம் முன்பு ஒரு ஜிப்சி இருந்தது. 20 கிலோ வரும் டூல் பெட்டியைப் பின்னால் சும்மா வைத்திருந்தேன். கனமான பெட்டி, அது எங்கே நகரப் போகிறது என்ற எண்ணம். தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் முன்னால் போன லாரி திடீரென்று வேகம் குறைத்தது. நானும் பிரேக்கை அழுத்தினேன், மோதவில்லை. ஆனால் பெட்டி தரையோடு வழுக்கி வந்து, பின்னால் உட்கார்ந்திருந்த என் தம்பியின் கணுக்காலில் அடித்தது. எலும்பு விரிசல், ஆறு வாரம் கட்டு. வெறும் பிரேக்குக்கே அப்படி.

மோதினால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு எளிது. 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி மோதி முக்கால் மீட்டருக்குள் நின்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல 13 மடங்கு விசையோடு முன்னால் வரும். 20 கிலோ பெட்டி 260 கிலோவாகப் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் வந்து இடிக்கும். பின் சீட்டின் முதுகுதான் நடுவில் இருக்கும் ஒரே தடுப்பு. இதே காரணத்தால்தான் சரியாகப் பொருத்தாத டிராயர் பெட்டியை நான் சாமானை விட மோசமானதாக நினைக்கிறேன். சாமான் பத்துத் துண்டாக வரும், டிராயர் பெட்டி ஒரே துண்டாக வரும். நான்கு ஸ்குருவில் பிளைவுட் தரையில் நிற்கும் 62 கிலோ பெட்டியை வண்டிகளில் பார்த்திருக்கிறேன். பின் சீட்டில் குழந்தை உட்காரும் வண்டியில் அதைப் பார்த்தபோது வயிறு கலங்கியது.

இப்போது நான் சொல்லும் மேடைக்கு வருகிறேன். ஜிம்னியின் பின் சீட்டை மடித்தால் டிக்கித் தரையோடு சமமாக வராது. சீட்டின் முதுகு தனியாக ஒரு படி போல உயர்ந்து நிற்கும். அந்தப் படியின் உயரத்துக்கு டிக்கியில் ஒரு மேடை போட்டால், சீட்டை மடிக்கும்போது முன்னும் பின்னும் ஒரே தளமாகிவிடும். மேடைக்குக் கீழே கிடைக்கும் இடம் கனமான சாமானுக்கு, மேலே பை, துணி, லேசான சாமான். கனம் கீழே, லேசு மேலே, அதுவும் சீட்டை ஒட்டி. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

பலகைக்கு 12 மி.மீ. போதும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் கேளுங்கள். கடைகளில் சாதாரணமாகத் தரும் கமர்ஷியல் பிளைவுட், மழையில் நனைந்த தார்ப்பாயை இரண்டு நாள் அதன் மேல் போட்டு வைத்தால் ஓரம் விரிந்துவிடும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பலகை எட்டுக் கிலோவுக்குள் வரும். அதை இரண்டு துண்டாக வெட்டி நடுவில் பலகை நீளத்துக்கும் ஓடும் பியானோ கீல் வைத்துவிடுங்கள். சீட் நிமிர்ந்திருக்கும்போது முன்துண்டு பின்துண்டின் மேல் மடிந்து கிடக்கும், சீட்டை மடித்தால் விரித்துவிடலாம். கால்களுக்கு 25 மி.மீ. சதுரப் பைப்பு. இரும்பில் 1.6 மி.மீ. கனம் என்றால் ஒரு மீட்டர் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். மூன்று மீட்டர் பைப்பு ஆகும். அலுமினியத்தில் செய்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு எடை, ஆனால் அலுமினியம் வெல்டிங் எல்லாப் பட்டறையிலும் நன்றாக வராது, ஓசூர் சிப்காட் பக்கம் செய்து வாங்கலாம். இந்த மூன்று மீட்டருக்காக அங்கே அலைய வேண்டாம், இரும்பே போதும் என்பது என் கருத்து. மொத்தம் 12 கிலோவுக்குள் முடியும். ஒரு ஆள் தூக்கி வெளியே வைக்கலாம். மாங்காய் சீசனில் டிக்கி முழுவதும் வேண்டும் என்றால் ஐந்து நிமிடத்தில் காலி.

அளவு எடுக்கும்போது தரையை மட்டும் அளக்காதீர்கள். சக்கர மேடுகளுக்கு நடுவே ஒரு அகலம், அதற்கு மேலே ஒரு அகலம், பின்கதவின் வாயில் ஒரு அகலம். இதில் எது குறைவோ அதுதான் உங்கள் அளவு. உள்ளே சரியாக உட்காரும் பெட்டி கதவு வழியாக நுழையாமல் வெளியே நின்ற கதை எங்கள் பட்டறையிலேயே நடந்திருக்கிறது. பின் சீட்டை எவ்வளவு சாய்த்து வைக்கிறீர்கள் என்றும் பாருங்கள். சீட் நேராக நிற்கும்போது அளந்துவிட்டு, பிறகு அப்பா சாய்ந்து உட்கார முடியவில்லை என்றால் கஷ்டம். ஜாக்கி, வீல் ஸ்பேனர் இருக்கும் இடத்தை மேடை மறைக்கக் கூடாது. குழந்தை சீட் போட்டிருந்தால் அதன் மேல்பட்டையை மாட்டும் கொக்கி கைக்கு எட்ட வேண்டும்.

பலகை வாங்குவதற்கு முன்னால் ஒரு ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டியை வெட்டி அதே அளவில் ஒரு மாதிரி மேடை செய்து, டிக்கியில் போட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். இதை நான் யாருக்குச் சொன்னாலும் முதலில் வேண்டாவெறுப்பாகக் கேட்பார்கள். ஒரு வாரம் கழித்து வந்து, உயரத்தில் இரண்டு அங்குலம் குறைக்கணும் அண்ணா என்பார்கள். அட்டையில் இரண்டு அங்குலம் குறைப்பதற்குக் கத்தி போதும்.

மேடைக்குக் கீழே நம் ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளி மண்டியில் அடுக்கி வைத்திருக்கிறார்களே, அந்த மாதிரி பிளாஸ்டிக் கிரேட்டில் உயரம் குறைவானவை இரண்டு. இதில் என் பட்டறைக்கு வருமானம் ஒன்றும் இல்லை, ஆனாலும் சொல்கிறேன்: எவ்வளவு பணம் போட்டுச் செய்த டிராயரும் இந்தக் கிரேட்டுக்கு ஈடாகாது. அடி ஓட்டை வழியாக மண்ணும் தண்ணீரும் வெளியே போய்விடும். சேறு பட்டால் போர் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்தால் போதும். உடைந்தால் மண்டியிலேயே வேறு கிடைக்கும். அதற்குக் கீழே பழைய ரப்பர் மேட் ஒன்றை வெட்டிப் போட்டால் கடகட சத்தமும் நிற்கும்.

டிராயருக்கு மாட்டும் டெலஸ்கோபிக் சேனலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது வீட்டு அலமாரிக்குச் செய்தது. உள்ளே சின்னச் சின்ன பால்ரஸ் வரிசை. நம் செம்மண் புழுதி அதில் ஏறி கிரீஸோடு கலந்தால் அரைக்கிற மாவு மாதிரி ஆகிவிடும், இரண்டே கோடையில் இழுக்க முடியாது. கல் பாதையில் குலுங்கும்போது தானாகத் திறந்துகொள்ளும் என்பது இன்னொரு தொல்லை, அதற்குத் தனியாகத் தாழ்ப்பாள் போட வேண்டும். யாருக்காவது டிராயர் கட்டாயம் வேண்டும் என்றால் நான் சேனலே போடுவதில்லை. அடியில் வழவழப்பான நைலான் பட்டை, மேலே மெழுகு தேய்த்த மரம். அது மண் விழுந்தாலும் ஓடும்.

கட்டுவதற்கு ராட்செட் பெல்ட். லாரி சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும், ஒரு அங்குல அகலம் போதும். நைலான் கயிறு இழுபட்டுத் தளர்ந்துவிடும். கொக்கி வைத்த ரப்பர் கயிறு வேண்டவே வேண்டாம், அது சாமானைப் பிடித்து வைக்காது, துள்ள விடும், அவிழ்க்கும்போது கண்ணில் அடிக்கும். பெல்ட்டை எதில் மாட்டுவது என்பதுதான் கஷ்டமான கேள்வி. வண்டியில் கம்பெனியே வைத்திருக்கும் கொக்கிகளையும் திருகு துளைகளையும் முதலில் தேடிப் பாருங்கள். சீட்டையும் சீட் பெல்ட்டையும் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றி அதில் கொக்கி சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதைத் தொடாதீர்கள். அது எவ்வளவு முறுக்கில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்தது, நடுவில் ஒரு தகடு சேர்ந்தாலும் அது பழைய பிடிப்பு இல்லை. தரையில் துளை போடத்தான் வேண்டும் என்றால் முதலில் வண்டிக்கு அடியில் படுத்து மேலே என்ன ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் டேங்க், பிரேக் பைப்பு, ஒயர் எல்லாம் அங்கேதான். துளை போட்ட பிறகு அடியில் அகலமான வாஷர், துளையின் ஓரத்துக்குத் துரு பிடிக்காத பிரைமர். அதை விட்டால் இரண்டு மழைக்காலத்தில் துளை பெரிதாகியிருக்கும்.

மேடைக்கு மேலே வைக்கும் பைகளுக்கு, பின் சீட்டின் முதுகை ஒட்டிக் கூரை வரை ஒரு வலை கட்டிவிடுங்கள். லேசான சாமான் என்றாலும் தலைக்குமேல் பறந்து வரக்கூடாது.

எதை எங்கே வைப்பது என்பதில் ஒரு விஷயம் ஜிம்னிக்கே உரியது. பின்கதவு மேலே தூக்கும் கதவு அல்ல, பக்கவாட்டில் திறப்பது, ஸ்டெப்னியும் அதன் மேலேயே இருக்கிறது. முழுசாகத் திறக்க வண்டிக்குப் பின்னால் நல்ல இடம் வேண்டும். ஓடைக்கரையில் பின்பக்கம் மண்மேட்டில் முட்டி வண்டி மாட்டிக்கொண்டால் அந்தக் கதவு ஒரு சாண் கூடத் திறக்காது. இழுவை பெல்ட்டும் மண்வெட்டியும் அந்தக் கதவுக்குப் பின்னால் கிரேட்டில் பத்திரமாக இருந்து என்ன பயன்? நாட்றாம்பாளையம் தாண்டி ஒரு நண்பர் இப்படி இரண்டு மணி நேரம் நின்றார், கடைசியில் பின் சீட் வழியாக ஊர்ந்து போய்த்தான் பெல்ட்டை எடுத்தார். அதனால் இழுவை பெல்ட், அதை வண்டியில் மாட்டும் இரும்பு வளையமான ஷேக்கிள், கையுறை, டார்ச் நான்கையும் ஒரு கெட்டித் துணிப் பையில் போட்டு, பக்கக் கதவைத் திறந்தால் கைக்கு எட்டும்படி பின் சீட்டுக்குக் கீழேயோ காலடியிலோ பட்டையால் கட்டி வையுங்கள். ஐந்து கதவு வண்டி வாங்கியதன் பெரிய லாபமே இதுதான். தீயணைப்பான் ஒரு கிலோ சிலிண்டர் போதும், அது டிரைவர் உட்கார்ந்தபடியே எடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும். முதலுதவிப் பெட்டியும் முன்னால்.

கிரேட்டில் போக வேண்டியவை காற்றடிக்கும் கம்ப்ரசர், பஞ்சர் கிட், ஜம்பர் கேபிள், ஸ்பேனர் செட், 10 லிட்டர் தண்ணீர். கம்ப்ரசரைச் சிகரெட் லைட்டர் துளையில் சொருகாதீர்கள், பெரிய டயருக்கு ஓடும் கம்ப்ரசர் அது தாங்குவதை விட அதிகம் இழுக்கும், ஃபியூஸ் போகும். பேட்டரியில் நேராகக் கிளிப் மாட்டும் வகையை வாங்குங்கள். பெட்ரோல் கேன் எக்காரணம் கொண்டும் உள்ளே வேண்டாம். 40 லிட்டர் டேங்க் உள்ள வண்டி, அஞ்செட்டியில் ஆரம்பித்து ஒகேனக்கல் சுற்றி வந்தாலும் கேன் தேவைப்படாது.

உங்கள் பக்கம் யானை நடமாட்டம் உள்ள இடம் என்பதால் இதையும் சொல்கிறேன். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி காட்டோரத்தில் ராகி விளையும் மாதங்களில் யானை ஊருக்குள் வருவது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தோப்பில் ராத்திரி தங்கினால் பலாப்பழம், வாழைத்தார், ராகி மூட்டை எதையும் வண்டிக்குள் விட்டுவைக்காதீர்கள். அப்புறம், அந்தச் சுற்றுக் காடுகளில் ஒரு பகுதி 2014-இல் அறிவித்த காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தில் வருகிறது. டிக்கியில் எல்லாம் இருக்கிறது என்ற தைரியத்தில் வனப்பாதையில் வண்டியை விடக்கூடாது, வனத்துறை அனுமதி வேண்டும்.

கேரியர் பற்றி. ஜிம்னியின் உயரம் 1720 மி.மீ., அகலம் 1645 மி.மீ. அகலத்தை விட உயரம் அதிகமான வண்டி. அதன் தலையில் எடை ஏற்றினால் பக்கச் சரிவில் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவுகளிலேயே வித்தியாசம் தெரியும், தோப்புப் பாதையில் ஒரு சக்கரம் வரப்பில் ஏறும்போது இன்னும் தெரியும். கூரை எவ்வளவு தாங்கும் என்று வண்டியோடு தந்த கைப்புத்தகத்தில் இருக்கும், அந்த அளவில் கேரியரின் எடையும் சேர்த்தி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரும்புக் கேரியர் போட்டால் வரம்பில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். பாய், தலையணை, காலிக் கூடை என்று லேசான சாமானுக்கு மட்டும் என்றால் கழற்றி மாட்டும் குறுக்குக் கம்பி இரண்டு போதும். மாங்காய் மூட்டையை மேலே ஏற்றவே கூடாது. விளைச்சல் நாளில் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்றை வாடகைக்கு எடுப்பது மலிவு.

பின் சீட்டைக் கழற்றுவது பற்றிக் கேட்டீர்கள். நான்கு பேர் உட்காரும் வண்டி என்று ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் உள்ளதற்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்திருக்கிறது. சீட்டை எடுத்துவிட்டு நிரந்தரமாகப் பெட்டி அடித்தால் சோதனையிலும் பிரச்சினை, விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸிலும் வாதம் வரும். கையால் தூக்கி எடுக்கும் மேடையும் கிரேட்டும் சாமான் கணக்கில்தான் வரும். சட்டத்தை விடுங்கள், பிள்ளைகளோடு போகிற வண்டியில் சீட்டைக் கழற்றுவது எதற்கு?

டிராயர் யாருக்குப் பொருந்தும் என்றால், எப்போதும் இரண்டு பேர் மட்டும் போய், பின் சீட்டை நிமிர்த்தவே தேவையில்லாதவர்களுக்கு. சர்வே எடுப்பவர்கள், காட்டு விலங்கு படம் எடுப்பவர்கள், மாட்டு வைத்தியர் ஒருவருக்குக்கூடச் செய்து கொடுத்திருக்கிறேன். மருந்தும் ஊசியும் இருட்டில் கை வைத்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் தொழிலுக்கு அவசியம். அவரிடமும் 9 மி.மீ. பலகை, ஒரே டிராயர், 30 கிலோவுக்குள் என்று பேசித்தான் செய்தேன். நீங்கள் நான்கு பேர், வாரத்துக்கு ஒரு விதமான சாமான். இன்றைக்கு மருந்தடிக்கும் பம்பு, நாளைக்குப் பிள்ளைகளின் துணிப்பை. அடுக்கு மாறிக்கொண்டே இருக்கும் வீட்டுக்கு, மாற்ற முடியாத அலமாரி எதற்கு?

பின்கதவில் கூடாரப் பை மாட்டுவது கடைசிக் கேள்வி. ஸ்டெப்னியின் எடை முழுவதையும் அந்தக் கதவின் கீல்தான் தாங்குகிறது. கல் பாதையில் ஒவ்வொரு குலுக்கலிலும் அது ஆட்டப்படுகிறது. ஏணி, தண்ணீர் கேன் பிடிப்பான், மடக்கு மேசை என்று அதில் மாட்டிக்கொண்டே போனால் கீல் தளர்ந்து கதவு இறங்கும், கதவோர ரப்பர் பீடிங் சரியாக ஒட்டாது, அந்த இடைவெளி வழியாகப் புழுதி மொத்தமும் டிக்கிக்குள் வரும். ஸ்டெப்னி மேல் மாட்டும் கித்தான் பை ஒன்று, அதில் குப்பையும் ஈரத்துணியும் சேற்றுச் செருப்பும் மட்டும் என்றால் சரி, இரண்டு கிலோவைத் தாண்டக் கூடாது. கூடாரம் மேடைக்கு மேலே, சீட்டை ஒட்டிப் படுக்கட்டும்.